மாவட்டக் கையேடு ஒளிந்திருந்த இடங்கள்

மேடையில் ஓர் எண்ணைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதை நான் பள்ளி நாட்களிலேயே கண்டுகொண்டேன். உவமைக்குக் குரலை உயர்த்தலாம். வினாவுக்குப் பின் சற்று நிறுத்தலாம். எண்ணுக்கு மட்டும் அடக்கம் வேண்டும். அடக்கமாகச் சொல்லப்படும் எண்ணை எவரும் மறுப்பதில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் நடந்த பட்டிமன்றங்களில் என் பெயரை அறிவித்ததும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழும். அது என் தமிழுக்காக மட்டும் எழுந்ததன்று. கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் நான் கணக்குகளைச் சொல்வேன் என்பதற்காகவும்தான். "அம்புட்டையும் மண்டைக்குள்ளயே வச்சிருக்கு பாரு இந்தப் பிள்ள" என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மேடைவரை வரும். அது காதில் விழாததுபோல நிற்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். அதிலும் நான் குறைவைத்ததில்லை.

அந்தக் கணக்குகள் அனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் நூலகத்தில், வீட்டுக்குக் கொடுக்காத நூல்களுக்கென்று இருந்த அலமாரியின் அடித்தட்டில், மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு ஆண்டுக்கு ஒன்றாக வரிசையில் நின்றது. மங்கிய நீல அட்டை, சொரசொரப்பான தாள், சில பக்கங்களில் ஒருபுறம் சாய்ந்து விழுந்த அச்சு. உள்ளே தாலுகாவாரியாக மழை, கிணறு, கண்மாய், மாட்டுவண்டி, கைத்தறி, நூற்பாலை, தபால் நிலையம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று எல்லாமே கட்டங்களில் அடங்கியிருந்தன. அப்போதைய எங்கள் மாவட்டம் மேற்கு மலையில் தொடங்கிக் கிழக்குக் கடலில் முடிந்தது. இராமேசுவரத்துப் படகுகளும் தேவதானத்துக் கிணறுகளும் ஒரே அட்டைக்குள் கிடந்தன. கடலை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதில் எத்தனை வகைப் படகுகள் மிதக்கின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை மேடையில் சொல்லியும் இருக்கிறேன்.

பேச்சாளர்களுக்குள் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. கருத்து யாருடையது என்பதைச் சொல்லலாம், எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லக்கூடாது. நடுவர் வற்புறுத்திக் கேட்டால் "அரசின் கணக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இந்த வழக்கத்திலிருந்து இன்னொன்று பிறந்தது. கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எதிரணியின் கண்ணில் படவும் விடக்கூடாது. ஆகவே போட்டி நெருங்கும்போது வேண்டிய ஆண்டை நூலகத்துக்குள்ளேயே வேறோர் இடத்தில் வைத்துவிடுவோம். இதைத் திருட்டு என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு தாள்கூட அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டியதில்லை. போட்டி முடிந்ததும் புத்தகம் அடித்தட்டுக்குத் திரும்பிவிடும். நான் சோதிட நூல்களின் அலமாரியை விரும்பினேன். அங்கே வருபவர்களுக்கு அவரவர் எதிர்காலத்தைத் தவிர வேறெதிலும் கண் போகாது.

என் எதிரணி பெரும்பாலும் ஒருவரேதான். இராஜபாளையத்துக்காரர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, மேடையில் பிசிறில்லாத தமிழ். நான் நாள்தோறும் பேருந்தேறி இராஜபாளையம் போய்க் கல்லூரியில் படித்தேன். அவரோ ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்தேறி எங்கள் ஊர் வந்து என் கையேட்டைப் படித்தார். "என்" என்று எழுதுவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அப்படித்தான் எண்ணினேன்.

எங்கள் பக்கம் பிரிந்து தனி மாவட்டமானது. அதன் பின்பும் பழைய மாவட்டத்தின் கையேடு ஒருமுறை வந்துசேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டுக்கானது வரவேண்டிய மாதத்தில் அடித்தட்டில் இல்லை. மறுமாதமும் இல்லை. நான் நூலகரிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் எதைப் படிக்கிறேன் என்று வெளியே தெரிந்துவிடும். என் மனத்தில் விடை முன்பே ஆயத்தமாக இருந்தது: புத்தகம் வந்துவிட்டது; நான் பார்ப்பதற்குள் அவர் எடுத்து ஒளித்துவிட்டார்.

ஆடிப்பூரத் திருவிழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றம் அந்த ஐயத்தை உறுதியாக்கியது. இந்த மண்ணைத் தாங்குவது உழவா, ஆலையா என்பது தலைப்பு. நான் உழவின் பக்கம், அவர் ஆலையின் பக்கம். நான் கிணறுகளையும் கண்மாய்களையும் அடுக்கி, வன்னியம்பட்டி வயல்களைக் கூட்டத்தின் கண்முன் விரித்துவிட்டு அமர்ந்தேன். அவர் எழுந்தார். "எதிரணித் தலைவி பழைய கணக்கைப் பழுதில்லாமல் ஒப்பித்தார். ஆனால் அண்மைக் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஓர் எண்ணைச் சொன்னார். நான் கண்டுகொண்ட உத்தி அது! கூட்டம் தலையாட்டியது. நடுவர் ஆலைக்குத் தீர்ப்பளித்தார்.

அடுத்த ஞாயிறே கையேடுகளில் ஒரு பாதியை இடம் மாற்றினேன். போட்டி எதுவும் நெருங்கவில்லை; ஆயினும் மாற்றினேன். புதியதை அவர் வைத்துக்கொண்டால் பழையவை என்னிடம் இருக்கட்டும் என்ற கணக்கு. மறுவாரம் போய்ப் பார்த்தபோது மீதிப் பாதியும் அடித்தட்டில் இல்லை. அவரும் அதே கணக்கைப் போட்டிருந்தார். வெறுமையான தட்டில் நூலகர் பழைய இரயில்வே கால அட்டவணைகளை அடுக்கிவைத்தார். எங்கள் இருவரையும் தவிர அந்த மாற்றத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அப்படியே மழைக்காலம் கழிந்தது.

நூலகர் ஐம்பதைக் கடந்தவர். நெற்றியில் மெல்லிய திருமண், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒருநாள் நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவரே வந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, நீ கணக்கெல்லாம் பேசுற பிள்ளையாச்சே. அந்த நீல அட்டைக் கையேட்ட எங்கயாவது பாத்தியா? தேடுனதுல ரெண்டு மூணுதான் கைக்கு அகப்பட்டுச்சு. மத்ததக் காணோம்."

"ஏன் சார்?" என்றேன். என் குரல் இயல்பாகவே இருந்தது, பயிற்சி.

"வாற வியாழக்கிழமை பெரிய அதிகாரி ஸ்டாக் பாக்க வருதாரு. உடைஞ்ச செட்டெல்லாம் கழிவுக்குத் தள்ளிரணுமாம். கழிவுன்னா தெரியும்லா? எடைக்குப் போட்டுருவாக. முழுசா இருந்தாலாவது நான் வாயத் தொறந்து சொல்லலாம். பாதிய வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்றது?"

அவர் போனபின் செய்தித்தாளின் எழுத்துகள் என் கண்ணில் பதியவில்லை. பேருந்து போகும் தொலைவுக்குள் அந்த வரிசையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அது பழைய தாள் கடைக்குப் போனால் கண்மாய்களும் படகுகளும் தறிகளும் பலகாரப் பொட்டலமாகிவிடும். என் மேடையும் அவற்றோடு போகும். நான் ஒளித்தவற்றை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. அது பாதிதான், பாதியும் இல்லாததும் ஒன்றுதான். மறுபாதி இருக்கும் இடம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கமான மேசையில் இருந்தார். எதிரே அமர்ந்தேன். அமைதி காக்க வேண்டிய கூடம். ஆகவே தாழ்ந்த குரலில்தான் தொடங்கினோம்.

"அண்ணே, ஒரு சமாதானம் பேசணும்."

"எதிரணித் தலைவி வாயில சமாதானமா? இன்னைக்கு மழை கொட்டப் போகுது."

"கேலி பொறவு. உடைஞ்ச செட்டெல்லாம் எடைக்குப் போகுதாம். நீங்க ஒளிச்சத எடுங்க. நான் வச்சத எடுத்தாரேன்."

"நான் ஒளிச்சேன், நீங்க வச்சீகளா? நல்லா இருக்கு உங்க தமிழ்."

"எடுப்பீகளா, மாட்டீகளா?"

"எடுக்கேன். ஆனா மொதல்ல புது வருசத்துக் கையேட்ட மேசையில வைங்க."

நான் திகைத்தேன். "அத நான்தான கேக்கணும்? அது உங்ககிட்டல்லா இருக்கு!"

"எங்கிட்டயா? வந்த அன்னைக்கே அமுக்குனது நீங்க. நான் எம்புட்டு நாளாத் தேடுறேன்."

"அப்ப ஆடிப்பூரத்துல 'அண்மைக் கணக்கு'ன்னு குரலத் தாழ்த்துனீகளே, அது எங்கேருந்து வந்துச்சு?"

"அதுவா? பேப்பர்ல ஒரு மில்லு முதலாளி பேசுனது வந்திருந்தது. அத எடுத்து விட்டேன். அண்மைன்னுதான சொன்னேன்? கையேடுன்னா சொன்னேன்?"

"ஒரு முதலாளி பேச்சக் கணக்குன்னு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"ஜெயிச்சது யாரு?"

இருவரும் மேடைக் குரலுக்கு உயர்ந்துவிட்டதை நாங்கள் உணரவில்லை. படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். நூலகர் செருப்புச் சத்தத்தோடு வந்து நின்றார்.

"ஏலே, என்னலே இது, லைப்ரரியா சந்தையா? ஏம்மா, நீயுமா? என்ன புது வருசம், யாரு அமுக்குனது?"

நான் இராஜபாளையத்துக்காரரைப் பார்த்தேன்; அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டி, விடுபட்ட கையேட்டின் ஆண்டைச் சொன்னோம். நூலகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது அச்சாகவே இல்லையேப்பா."

கழற்றிய கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"போன மாசம் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் போனப்ப அங்க விசாரிச்சுட்டுத்தான வந்தேன். பழைய மாவட்டம் முழுசுக்கும் சேத்து இனிமே போட மாட்டாகளாம். நம்ம மாவட்டத்துக்குன்னு தனியா எப்பப் போடுவாகன்னு அவியளுக்கே தெரியல. நின்னு போச்சு. போன தடவ வந்ததுதான் கடைசி."

எவரும் அச்சிடாத ஒரு புத்தகத்தை அவர் ஒளித்ததாக நானும், நான் ஒளித்ததாக அவரும் நம்பி, உண்மையில் இருந்த புத்தகங்களையெல்லாம் கண்காணாமல் ஆக்கியிருந்தோம். ஒருவர் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்பது எங்கள் தொழிலில் இல்லை.

"சரே, சரே" என்று தெலுங்கில் முனகிக்கொண்டு அவர்தான் முதலில் எழுந்தார். நேரே தண்ணீர்ப்பானைக்குப் போனார். பானை வைத்திருந்த முக்காலியின் அருகே சுவரோரமாக இருந்த பலகையைத் தூக்கினார். அடியில் மூன்று நீல அட்டைகள் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன.

நூலகர் தலையில் அடித்துக்கொண்டார். "அங்கயாலே! நான் தெனமும் அது மேலதான டம்ளரக் கவுத்து வைக்கேன்!"

பிறகு என் முறை. சோதிட அலமாரியிலிருந்து சிலவற்றையும், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து சிலவற்றையும் எடுத்து வந்தேன். இப்படி மாறி மாறிச் சென்று வந்தோம். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் படிப்பை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். இறுதியில் வைணவ உரை நூல்களின் கனத்த கட்டுகளை நோக்கி இருவரும் ஒரே நேரத்தில் நடந்தோம். நான் நின்றேன்.

"நீங்க எங்க வாறீக?"

"நீங்க எங்க போறீக?"

கட்டுகளை நகர்த்தினால் என்னுடையது ஒன்று நின்றது. அதன் முதுகோடு முதுகு ஒட்டி அவருடையது ஒன்று. எவரும் தொடமாட்டார்கள் என்று இருவரும் தனித்தனியே முடிவுசெய்த இடம் அது. பல மாதங்களாக அவை அங்கே ஒன்றாக இருந்திருக்கின்றன. நூலகர் சிரித்துவிட்டார், அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நூலகரிடம் இருந்தவற்றோடு சேர்த்து மேசையில் வரிசை நிறைந்தது, முதல் ஆண்டிலிருந்து கடைசி ஆண்டுவரை. நிறைந்திருந்ததே தவிர நல்ல நிலையில் இல்லை. பானையருகே கிடந்தவற்றில் ஈரம் ஏறி ஓரங்கள் அலையலையாக நெளிந்திருந்தன. சிலவற்றின் முதுகு பிய்ந்திருந்தது. நூலகர் மைதாப் பசை காய்ச்சி வந்தார். நான் பிய்ந்த முதுகுகளுக்குத் துணிநாடா ஒட்டினேன். இராஜபாளையத்துக்காரர் ஈரத் தாள்களுக்கு இடையே வெள்ளைத்தாள் செருகி, மேலே கனமான அகராதிகளை ஏற்றிவைத்தார். பூச்சி அண்டாமலிருக்க வசம்பை இடித்துச் சிறு துணி முடிச்சுகளாகக் கட்டினோம். வியாழக்கிழமைவரை மாலைதோறும் இந்த வேலை நடந்தது. அவர் கடைசிப் பேருந்துக்கு முந்தியதைப் பிடித்துப் போவார்.

அந்த மாலைகளில் நாங்கள் அதிகம் பேசவில்லை. ஆனால் இருவரும் ஒன்றைச் செய்தோம்: மற்றவரின் குறிகளைத் தேடிப் படித்தோம். செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை என்றும் நினைத்துக்கொண்டோம். பக்கங்களின் ஓரத்தில் பென்சில் குறிகள் இருந்தன. சிறு புள்ளி என்னுடையது, சாய்வுக்கோடு அவருடையது. தறிகளின் அட்டவணையில் கோடுகள் மண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன்; மண்டியிருந்தன. கிணறுகளின் அட்டவணையிலும் கோடுகள் இருந்தன. நான் என்ன சொல்வேன் என்பதை அவர் முன்கூட்டியே படித்து வந்திருக்கிறார். தறிகளின் பக்கத்தில் என் புள்ளிகளைக் கண்டபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. ஓர் உரையை ஆயத்தம் செய்திருந்தேன். விளிப்பும் முன்னுரையும் மூன்று பகுதிகளும் ஒரு முடிவுரையும் கொண்ட உரை. இன்று நினைத்தாலும் அதன் கட்டமைப்பில் குறை காண மாட்டேன். அவரும் வந்திருந்தார். அதிகாரி பயணக் களைப்போடு, பண்பாகப் பேசுபவராக இருந்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்து நீல அட்டைகளின் முன் நின்றார்.

"செட்டு முழுசா இருக்கு. சந்தோசம். ஆனா இது நின்னுபோன வெளியீடு இல்லையா? குறிப்புக்குன்னு வைக்கிறது நடப்புத் தகவலாத்தான இருக்கணும்? இந்த மாவட்டமே இப்பப் பிரிஞ்சு போச்சே."

நான் வாயெடுத்தேன். அதே நொடியில் இராஜபாளையத்துக்காரரும் வாயெடுத்தார். அதிகாரி எங்களை அப்போதுதான் கவனித்தார்.

"ஒவ்வொருத்தராப் பேசுங்க."

என் எதிரணி கையை என் பக்கம் நீட்டி ஒதுங்கினார். என்னிடம் ஒரு முழு உரை இருந்தது. ஆனால் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கையில் பை இருந்தது. அடுத்த ஊருக்குப் போக வேண்டும். உட்கார்ந்து கேட்கும் அவைக்கு எழுதிய உரையை நிற்பவரிடம் சொல்லக்கூடாது.

"சார், வருசா வருசம் வாற புத்தகம்னா பழசக் கழிக்கலாம். புதுசு அந்த இடத்துக்கு வந்துரும். இனிமே வராதுன்னு ஆயிருச்சு. இதக் கழிச்சா இந்த இடத்துக்கு என்ன சார் வரும்?"

அதிகாரி ஒரு கையேட்டை எடுத்துப் புரட்டினார். வசம்பு முடிச்சு ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பக்கத்துக்குள் வைத்தார். பிறகு இராஜபாளையத்துக்காரரிடம் திரும்பினார். "நீங்க என்னப்பா? எதிர்க்கட்சியா?"

"எப்பவும் எதிர்க்கட்சிதான் சார். இந்த ஒரு தடவ வழிமொழியிறேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே நூலகரைப் பார்த்தார். "நடப்பு அலமாரியில வேண்டாம். உங்க மேசைக்குப் பக்கத்துல பூட்டுற பீரோ இருக்குல்ல? அதுல வைங்க. யார் கேட்டாலும் எடுத்துக் குடுங்க, வாங்கித் திரும்ப வைங்க. இன்னொரு தடவ காணோம்னு மட்டும் சொல்லாதீங்க."

கையேடு பிழைத்தது. ஆனால் பூட்டு எங்கள் வழக்கத்தை முடித்துவைத்தது. இனி எந்த ஆண்டு வேண்டுமானாலும் நூலகரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர் பீரோவின் முன் குத்துக்காலிட்டு அமர்ந்து, அங்கிருந்தபடியே கூடம் முழுதும் கேட்க, "எந்த வருசம்மா? இந்தத் தடவ கிணறா, தறியா?" என்று திருப்பிக் கேட்பார். எதிர் மேசையில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒரு பேனா மூடி திறக்கும் ஒலி வரும். இராஜபாளையத்துக்காரர் கேட்கும் நாளில் நான் பேனாவைத் திறப்பேன்.

ஒளிக்க இயலாதபோது மறைப்பதில் பயனில்லை என்று, மேடையிலேயே ஆண்டையும் பக்கத்தையும் சொல்லத் தொடங்கினேன். குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். மண்டைக்குள் வைத்திருப்பதாகப் பெண்கள் வியப்பது அதோடு குறைந்தது. அது எனக்கு உவப்பாயிருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக வேறொரு முணுமுணுப்பு எழுந்தது: "நம்ம லைப்ரரியில இருக்காம்லா, கேட்டா குடுப்பாகளாம்." தொண்ணூறுகளின் தொடக்கத்தில், படிப்பை முடித்து நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த நாட்களில், விடுமுறைக்கு வந்து நூலகம் போனால் என் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள். ஆலைத் தொழிற்சங்கத்தார் ஒருவர், கண்மாய் வழக்குக்காக வந்த வன்னியம்பட்டிக்காரர், பாடம் எழுதும் பள்ளி ஆசிரியை.

ஒருநாள் மதுரையில் பேசுவதற்காகக் கடைசி ஆண்டின் கையேடு எனக்கு வேண்டியிருந்தது. நூலகர் பீரோவைத் திறக்கவில்லை, மோவாயால் காட்டினார். செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒருவர் அதை விரித்துவைத்திருந்தார். விரலை ஒரு வரிசையின் மேல் வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, உதடசையப் படித்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் இரும்மா. அவரு முடிச்சிரட்டும்."

எதிர் மேசையில் என் பழைய எதிரணி இருந்தார். செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"என்ன தலைவி, காத்திருக்கீகளா?"

"ஆமா. நீங்க?"

"உங்களுக்கு முன்னாலயே சொல்லி வச்சிட்டேன்."

நான் அவருக்கு அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். செட்டியார்பட்டிக்காரர் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பி, மேலிருந்து மறுபடி தொடங்கினார்.